போஸ்ட் இல்லாத இடம்

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று முதுகில் அடி விழுந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். வானதி இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், இரண்டு கை விரல்களையும் சட்டம் போலச் சேர்த்துவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வயலைப் பார்த்தாள். வெண்ணாற்றுக் கரைக்குக் கீழே புதிதாகத் தாளடி நட்ட வயல். தண்ணீரில் மேகம் கிடந்தது. சொல்லிவைத்து வரவழைத்ததுபோல ஒரு கொக்கும் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் சட்டத்தை இடது பக்கம் நகர்த்தினாள், வலது பக்கம் நகர்த்தினாள், கொஞ்சம் குனிந்து பார்த்தாள். பிறகு கையைக் கீழே போட்டாள்.

"போஸ்ட்டு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் எப்படிச் சொல்வாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மற்ற வீடுகளில் 'உங்க அம்மா' என்று சொல்லும்போது பெண்கள் குரலில் என்னவெல்லாம் வருமோ அது அத்தனையும் அதில் இருக்கும். ஏனென்றால் நான் கரண்ட் ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டர். குழி தோண்டும் ஆளாகச் சேர்ந்து மேலே வந்தவன். திருவையாற்றுக்கும் பூதலூருக்கும் நடுவே நிற்கிற கரண்ட் கம்பங்களில் பாதியாவது என் தோளில் ஏறி இறங்கியிருக்கும். என் பெயர் நெடுஞ்செழியன். அப்பா என்ன நினைத்து வைத்தாரோ, நெடுக நட்டுக்கொண்டே போகிற வேலைதான் வாய்த்தது.

வானதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன். வாரம் முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் ஊராரின் ரத்தத்தையும் சளியையும் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதே கண்ணை மூடிக்கொண்டு காமிராவில் பார்ப்பாள். மனிதர்களைப் படம் எடுக்க மாட்டாள். "மனுசங்கள வாரம் பூரா பாத்துட்டேன், உள்ள வரைக்கும் பாத்துட்டேன்" என்பாள். வயல், வாய்க்கால், வானம், இவ்வளவுதான். என்னையே கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு யாரும் படம் எடுக்கவில்லை.

போன வருடம் திருச்சியில் ஒரு புகைப்படக் கழகம் நடத்திய கண்காட்சிக்கு, குடமுருட்டிக் கரையில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது அங்கே போய் உட்கார வேண்டும் போல இருந்தது. அதுவும் நாங்கள் தினம் போகிற இடம்தான். நடுவராக வந்தவர் இமயமலையை எல்லாம் படம் எடுத்த பெரியவர். கூட்டத்துக்கு நடுவில் மைக்கைப் பிடித்து, "வெளிச்சம் அற்புதம். ஆனா இந்த கரண்ட் கம்பம் இருக்கே, தொண்டையில மாட்டுன மீன் முள்ளு" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்து படத்தை என் முன்னால் போட்டாள். நான் உற்றுப் பார்த்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஏ, இது நம்ம நட்ட போஸ்ட்டுல்ல! பாரேன், தூக்குக்குண்டு வச்சாப்புல எவ்வளவு நேரா நிக்குது!"

அன்றைக்கு எனக்கு உப்புமாதான் கிடைத்தது.

கம்ப்யூட்டரில் அழித்துவிடலாமே என்று நானும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கழகத்து விதிப்படி காமிராவில் பதிவான மூலப் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது. விதி இல்லையென்றாலும் அவள் அழிக்க மாட்டாள். "இருக்கறத இல்லன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு விடியக்காலையில எந்திரிக்கணும்?" என்பாள். அதனால் அவளுக்கு நிஜமாகவே போஸ்ட் இல்லாத இடம் வேண்டும். டெல்டாவில் அதைத் தேடுவது என்பது சாதாரண காரியம் இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் ஒரு கம்பம் குறுக்கே வந்தால் இரண்டடி நகர்ந்து ஒரு மலைக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். எங்கள் ஊரில் எருமை படுத்திருந்தாலே அடுத்த ஊருக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை, அதற்கு மேல் வானம், இரண்டையும் தைத்துக்கொண்டு என் போஸ்ட்டுகள். போஸ்ட் இல்லாத இடத்தில் செல்போன் டவர். டவரும் இல்லாத இடத்தில், மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வருக வருக என்று தாய்மாமன்கள் வரிசையாகக் கும்பிடும் ஃபிளெக்ஸ். கோடியக்கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டோம். உப்பளம், வானம், தூரத்தில் இளஞ்சிவப்பாகப் பறவைக் கூட்டம். எல்லாம் சரியாக இருந்தது. உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு வரிசையாகப் போஸ்ட்.

"இதையும் நீங்கதான் நட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இது நாகப்பட்டினம் சர்க்கிள்" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

இந்த வருடக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப, தீபாவளிக்கு மறுநாள் கடைசி. அதற்கு முந்தின வாரம், ஐப்பசி மூட்டத்தில், பூதலூரிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ரோட்டில்தான் மறுபடியும் முதுகில் அடி விழுந்தது. இறங்கினாள். விரல்களைச் சேர்த்தாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். கை கீழே விழவில்லை.

நானும் பார்த்தேன். அகலமான நடவு வயல், அசையாத தண்ணீர். அதற்கு நடுவே தீவு மாதிரி மேடான ஒரு திடல். அதில் இரண்டு ஓட்டு வீடுகள், நாலைந்து பனை, ஒரு வைக்கோல் போர். குறுக்குத் திடல் என்று பெயர். எல்லாமே தண்ணீரில் தலைகீழாகவும் இருந்தது. ஒரு போஸ்ட் கிடையாது. ஒரு கம்பி கிடையாது.

"என்னங்க" என்றாள். அந்தக் குரலை நான் கல்யாணமான புதிதில் கேட்டது. "என்னங்க, ஒண்ணுமே இல்லங்க. இங்க சூரியன் அந்த ரெண்டு பனைக்கு நடுவுல ஏறி வரும். மேகம் மட்டும் இல்லாம ஒரே ஒரு நாள் கெடச்சாப் போதும்."

பையை ரோட்டோரம் வைத்து, லென்ஸ் மாற்றுவதற்காக அங்கே வரிசையாகக் கிடந்த சிமெண்டுத் தூண்கள் மேல் உட்கார்ந்தாள். "நீங்களும் வாங்க, உக்காருங்க, நல்லா சில்லுன்னு இருக்கு" என்றாள்.

நான் உட்காரவில்லை. எப்படி உட்காருவேன்? அவள் உட்கார்ந்திருந்தது என்னுடைய போஸ்ட்டுகள். போன வாரம்தான் லாரியில் வந்து இறங்கியவை. அடுத்த வியாழக்கிழமை அவை அத்தனையும் அந்த வயலின் குறுக்கே, ரோட்டிலிருந்து திடல் வரைக்கும், வரப்போரமாக வரிசையாக நிற்கப்போகின்றன.

அந்தத் திடலில் போஸ்ட் இல்லாததற்குக் காரணம், அங்கே கரண்ட் இல்லை. மனு கொடுத்து வருடக்கணக்காகிறது. லைன் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கிற வயல் பஞ்சநதம் என்கிற பெரியவருடையது. அவர் போஸ்ட் நட விடவில்லை. அறுவடை மெஷின் திரும்பாது என்பது அவர் சொன்ன காரணம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவருடைய பம்ப்செட்டுக்கு நாங்கள் நட்ட போஸ்ட்டைச் சுற்றி அதே மெஷின் நன்றாகத்தான் திரும்புகிறது. போன மாதம் சிங்கப்பூரிலிருந்து அவருடைய மகள் வீடியோவில் பேசும்போது, "ஏம்ப்பா, அவங்க வீட்ல இன்னுமா கரண்ட் இல்ல? என் ஃபிரண்ட்ஸ்கிட்ட சொன்னா சிரிக்கிறாங்கப்பா" என்று கேட்டிருக்கிறாள். மனுஷன் மறுநாளே ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்கள் ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர், என்னைக் கூப்பிட்டு, "அறுப்பு முடியட்டும், காயட்டும்னு உக்காந்துடாதீங்க. சேத்துலயே எறங்கி நட்டுடுங்க. பஞ்சநதம் இந்த வாரம் சரின்னுட்டாரு. அடுத்த வாரம் என்ன சொல்லுவாருன்னு அவருக்கே தெரியாது" என்றார்.

இதையெல்லாம் அந்த இடத்திலேயே அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் காலை ஆட்டிக்கொண்டு, போஸ்ட் மேல் உட்கார்ந்து, போஸ்ட் இல்லாத வயலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் விடிவதற்கு முன்பே ஸ்கூட்டியில் கிளம்ப ஆரம்பித்தாள். அங்கிருந்து நேராக வேலைக்குப் போக வசதியாகவும், ஊதல் காற்றுக்கு அடக்கமாகவும், சேலைக்கு மேல் லேப் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வாள். முக்காலியை விரித்து, காமிராவை அதில் பொருத்தி, திடலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சூரியன் வராது. மூட்டம் கலையாது. மடக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். திங்கள் அப்படி. செவ்வாய் அப்படி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"நான் உக்காந்தேனே, அதா?" என்று கேட்டாள்.

"அதேதான்."

"சில்லுன்னு இருக்குன்னு சொன்னேனே."

"ஆமாம்."

"அப்பவும் சொல்லாம நின்னுகிட்டிருந்தீங்க." எழுந்து போய்க் குழம்பைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய குழம்பு இல்லை அது, ரசம். திரும்பி வந்து கேட்டாள். "ஒரு நாலு நாள் தள்ளிப் போட முடியாதா? படம் அனுப்பற வரைக்கும்? இத்தன வருசமா இல்லாத கரண்டு, நாலு நாள் கழிச்சு வந்தா என்ன?"

அவள் ஆபீஸ் விஷயமாக என்னிடம் ஒன்றும் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஃபியூஸ் போட ஆள் அனுப்பச் சொன்னால்கூட, "ஆபீசுக்குப் போன் பண்ணுங்க, அவர் வீட்டுல எம் புருசன்" என்று சொல்கிறவள். நான் பஞ்சநதத்தின் குணத்தை விளக்கினேன், ஏஇ சொன்னதைச் சொன்னேன், விதியைச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒருவர் தலையாட்டி இவ்வளவு வருத்தம் எனக்கு வந்ததில்லை.

புதன்கிழமை நான் எழுந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். வாசலில் வந்து பார்த்தேன். வானம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆகா, அவள் அதிர்ஷ்டம், இன்றைக்கே எடுத்துவிடுவாள், நாளைக்கு நாம் போஸ்ட்டை நட்டுவிடலாம் என்று நிம்மதியாகப் பல் விளக்கினேன். அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வானதி ரோட்டோரம் முக்காலியை விரித்தாள். தண்ணீரில் சலனம் இல்லை. இரண்டு பனைக்கும் நடுவே வானம் பழுத்து வந்தது. காமிராவில் கண்ணை வைத்தாள். வயலின் குறுக்கே, ரோட்டிலிருந்து திடல் வரைக்கும், கோடு பிடித்தாற்போல மூங்கில் குச்சிகள் நட்டிருந்தன. ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணி படபடத்தது.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் இறங்கினாள். எடுக்கச் சொல்லலாம், சூரியன் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்ற நினைப்பு. திடலிலிருந்து ஒரு அம்மாள் கையில் சொம்போடு எதிரே வந்தார். காத்தாயி என்று பெயர். திடலைச் சுற்றிக் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையுமாகப் பயிர் வைக்கிறவர்.

"வாங்க ஆபீசரம்மா. தெனம் வர்றீங்க, அளக்குறீங்க, போறீங்க. ஒரு வாய்த் தண்ணி கேக்கல. பால் கறந்து வச்சிருக்கேன், டீ போடறேன் வாங்க."

"நான் அளக்கலைங்க. நான் வந்து..."

"அளக்க முடியலன்னு தெரியும். இடம் புரியாம அந்தம்மா முழிக்கிறாங்க போலருக்கும்மான்னு எம் மவன்தான் சொன்னான். அதான் நேத்தே மூங்கி வெட்டி அடையாளம் வச்சுட்டோம். எங்கெங்க போஸ்ட்டு வரும்னு போன தடவ லைன்மேனு காட்டினது நெனப்பு இருந்துச்சு. இனிமே ஒங்களுக்குக் கஷ்டம் இல்ல."

முக்காலி போட்டு வயலைப் பார்க்கிறவர்களை எங்கள் பக்கத்தில் யாரும் போட்டோக்காரர் என்று நினைப்பதில்லை. பைபாஸ் ரோடு அளக்க வருகிறவர்கள், குழாய் பதிக்க வருகிறவர்கள், எல்லோரும் முக்காலியோடுதான் வருவார்கள். வழக்கமாக அவர்களைப் பார்த்தால் ஊரே கூடி விரட்டும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள், இறக்கிவைத்த போஸ்ட் பக்கத்திலேயே தினம் நின்று திடலை அளந்தால், இவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? விரட்டாமல் குச்சி நட்டுக் கொடுத்தார்கள்.

"அந்தக் குச்சியெல்லாம் கொஞ்ச நேரம் எடுத்துட்டு..." என்று வானதி ஆரம்பித்திருக்கிறாள்.

காத்தாயியின் முகம் மாறிவிட்டது. "ஏம்மா? கரண்டு வராதா?"

லேபில் தினம் யாராவது ஒருவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு இதே முகத்தோடு, பயப்படும்படியா ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வானதிக்குத் தெரியும். இந்த அம்மாளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வரும்மா, வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்குள் எல்லாம் தயார். மனு கொடுக்கும்போதே வயரிங் முடித்திருக்க வேண்டும் என்று சொன்னார்களாம், அப்போதே செய்தது. டியூப் லைட்டின் மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. சர்க்கார் கொடுத்த இலவச மிக்சியில் கடுகு. இலவச கிரைண்டரில் புளி. ஃபேன் துருப்பிடிக்கக் கூடாதென்று நாள் கிழமையில் துடைத்து, குச்சியால் தள்ளிச் சுற்றி விடுவார்களாம். மகன் பகலவன் தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறான். லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்ற பஞ்சநதத்தின் பம்ப்செட் கொட்டகைக்குப் போய், கொசுக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு வருவானாம்.

"தீவாளிக்கு மாவு இதுலதாம்மா" என்று காத்தாயி கிரைண்டரைத் தட்டிக் காட்டியிருக்கிறார். பிறகு ஆபீசரம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். "இது அடுப்படி லைட்டு" என்று ஸ்விட்சைப் போட்டார். டக். "இது ரூம்பு ஃபேனு." டக். "இது வாசலு லைட்டு." டக். ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் சுற்றவில்லை. ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு அவர் மேலே பார்த்தார். வானதியும் மேலே பார்த்தாள். சுற்றி முடித்ததும் காத்தாயி திரும்பப் போய், எல்லா ஸ்விட்சையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்தார்.

இவள் வெளியே வந்தபோது சூரியன் பனைக்கு மேலே போய்விட்டது.

இதில் எதுவும் தெரியாமல் நான் அன்றைக்கு என் சர்வீசிலேயே செய்யாத ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தேன். பத்து மணிக்குள் மறுபடியும் மூட்டம் போட்டுவிட்டது. எடுத்தாயா என்று போன் செய்தேன். "இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த 'இல்ல' என்னை என்னமோ செய்தது. தலையாட்டிய தலை வேறு கண் முன்னாலேயே நின்றது. கேங் மேஸ்திரி ராம்கியைக் கூப்பிட்டு, "நாளைக்குத் திடல் வேலை வேண்டாம். சேறு ஜாஸ்தி. இன்னைக்கே ஆளையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போயி பக்கத்து ஊரு டிரான்ஸ்பார்மர் மேடை வேலையை எடுத்து முடிங்க. திடலைத் திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்றேன். ராம்கி என்னை ஒரு மாதிரி பார்த்தான். சேறு ஜாஸ்தி என்று நான் சொல்லி அவன் கேட்டதே இல்லை. இடுப்பளவுச் சேற்றில் அவனை இறக்கியவனே நான்தான்.

குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன். மனைவிக்காக ஒரு மனிதன் போஸ்ட்டையே நிறுத்திவைக்கிறான் என்றால் சும்மாவா? அசோகா அல்வா ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

"வானதி, கவலைப்படாதே. திங்கக்கெழமைக்குத் தள்ளிட்டேன்" என்று அல்வாவை நீட்டினேன்.

அவள் அல்வாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டுத் தள்ளுனீங்க?"

"நீதானே..."

"நான் ஆயிரம் கேப்பேன்! நான் கேட்டா நீங்க தள்ளிருவீங்களா? ஒரு ஆபீசர் பண்ற வேலையா இது? அந்தம்மா கிரைண்டர்ல புளி போட்டு வச்சிருக்குங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டேன். ஸ்விட்சை அணைத்த இடத்தைச் சொல்லும்போது, "கரண்டு வீணாப் போகக் கூடாதாம்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டு மனு எத்தனையோ வருடமாக ஆபீஸில் இருக்கிறது, நானும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் புளி பற்றி ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பஞ்சநதம்.

"இன்ஸ்பெக்டர் தம்பி, நாளைக்கு நடலையாமே. நல்லதாப் போச்சு. எனக்கும் ஒரு யோசனை ஓடிக்கிட்டு இருக்கு. பொண்ணுக்காகத்தான் சரின்னேன். வாஸ்துப்படி அந்த மூலையில கம்பம்..."

"ஐயா, யார் சொன்னது? காலையில ஆரம்பிக்கிறோம். ஆள் கிளம்பியாச்சு" என்றேன்.

வாஸ்து என்ற வார்த்தை வந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்தக் கலெக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ராம்கியைக் கூப்பிட்டேன். டிரான்ஸ்பார்மரை இறக்கிவைத்தாகிவிட்டது, அந்த ஊரே இருட்டில் இருக்கிறது, ஆட்களை எடுத்தால் அடிக்க வருவார்கள் என்றான். கடைசியில் அவனும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் வருவதாகச் சொன்னான். "சேறு ஜாஸ்தின்னீங்களே சார்?" என்று கேட்டான். "கொறஞ்சிருச்சு" என்றேன்.

வியாழக்கிழமை கருக்கலிலேயே நானும் வானதியும் ராம்கி ஆட்களும் போய்ச் சேர்ந்தபோது, திடலே ரோட்டில் நின்றது. பகலவன் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, மச்சான்கள், சித்தப்பா என்று தோள் கொடுக்க ஒரு கும்பலையே கூட்டி வந்திருந்தான். வானம் நேற்றைவிடத் தெளிவாக இருந்தது. வானதி அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். காமிராப் பையைத் தோளில் மாட்டியபடியே, கோட்டின் கையை மடித்து விட்டுக்கொண்டாள்.

காத்தாயி நேராக அவளிடம் வந்தார். "ஆபீசரம்மா, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க."

"ஆபீசர் நான் இல்லம்மா. இவருதான். நான் இவரு வீட்டுக்காரி."

காத்தாயி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். லுங்கி, பனியன், தலையில் துண்டு. முகத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. "அப்படியா? சரி, பரவால்ல" என்றார்.

ஒரு போஸ்ட்டைத் தூக்க எட்டுத் தோள் வேண்டும். வரப்பில் எட்டுப் பேர் ஒரே சீராக நடக்க முடியாது, பாதிப் பேர் வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும். குடையும் கையுமாகப் பஞ்சநதம் வந்து சேர்ந்துவிட்டார். "நாத்து! நாத்து மிதிபடுது! ஏ பகலவா, ஒன் காலு யானைக் காலுடா!" என்று வரப்போடு வரப்பாகக் கூடவே வந்தார். பகலவன், "மிதிச்சதை நானே நட்டுத் தர்றேன் பெரியப்பா, நீங்க மூச்சு வாங்காதீங்க" என்றான். முதல் குச்சியைப் பிடுங்கி அந்த இடத்தில் குழி எடுத்தோம். போஸ்ட்டின் அடியைக் குழி வாயில் வைத்து, நுனியில் மூன்று பக்கமும் கயிறு கட்டி, கவைக் கட்டையால் முட்டுக் கொடுத்துத் தூக்க வேண்டும். கயிறு பிடிக்க ஆள் போதவில்லை. ஒரு கயிறு எனக்கு. ஒரு கயிறு காத்தாயிக்கும் அவர் ஓரகத்திக்கும். மூன்றாவது கயிற்றை வானதி எடுத்துக்கொண்டாள்.

"இழு... இழு... விடாத... முட்டு குடு" என்று ராம்கி குரல் கொடுத்தான். போஸ்ட் தரையை விட்டு எழுந்தது. என் குதிகால் சேற்றில் இறங்கியது. பகலவனும் ஆட்களும் கவைக் கட்டையோடு அதன் அடியில் நெருங்கினார்கள். பாதி எழும்பியிருக்கும்போது பனைக்கு நடுவே சூரியன் வந்தது. திடுமென்று வயல் முழுக்கச் சிவந்துவிட்டது. சேறு, தண்ணீர், காத்தாயியின் முகம், கயிறு, எல்லாம் ஒரே நிறம்.

நான் வானதியைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள். பிறகு பக்கத்தில் குடையோடு நின்றவரிடம் திரும்பினாள்.

"ஐயா, இதக் கொஞ்சம் பிடிங்க."

பஞ்சநதம் என்ன ஏது என்று தெரியாமல் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் கயிற்றை விட்டால் போஸ்ட் அவருடைய வயலிலேயே, அவருடைய நாற்றின் மேலேயே விழும். குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வானதி வெள்ளைக் கோட்டோடு வரப்புச் சேற்றில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, காமிராவை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்படியே! யாரும் அசையாதீங்க!"

"அக்கா, இது கல்யாண போட்டோ இல்லக்கா! வெயிட்டுக்கா!" என்று ராம்கி கத்தினான்.

"ஒரே நிமிசம்! என்னங்க, போஸ்ட்ட இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க!"

ஒரு லைன் இன்ஸ்பெக்டரிடம் கேட்கக்கூடிய காரியமா இது? நான் கயிற்றை ஒரு பிடி விட்டுக் கொடுத்தேன். போஸ்ட் சூரியனுக்குக் குறுக்கே சாய்ந்து நின்றது. தண்ணீருக்குள் இன்னொரு போஸ்ட் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்த காத்தாயி, படம் எடுக்கிறார்கள் என்று புரிந்ததும், பிடியை விடாமலே முகத்தை மட்டும் காமிரா பக்கம் திருப்பிச் சிரித்தார். அந்தக் கோடியில் பஞ்சநதம், வேட்டி அவிழ அவிழ, சட்டையெல்லாம் சேறாக, உயிரைக் கொடுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் எடும்மா, சீக்கிரம் எடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.